கொள்ளைப்புறக் கதவு

காலை பத்து மணிக்குப் பேய்ப்படம் பார்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு. அந்த நேரத்தில் வந்து நிற்கப் பேய்க்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். ஜன்னல் வழியாக வெயில் வந்து தொலைக்காட்சிப் பெட்டியின்மேல் விழ, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றவளின் முகத்தில் பூச்சும், அதற்குமேல் ஒரு வாரமாகத் துடைக்காத தூசியும் சேர்ந்து தெரிந்தன. எதிரே மடியில் அட்டையும் காதில் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தவர் ஒற்று.

அது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, அச்சகத்தில் வைத்தது. பிழைதிருத்துவது அவர் தொழில். இரண்டு சொற்களுக்கு நடுவே க், ச், த், ப் எங்கே வர வேண்டும், எங்கே வரக்கூடாது என்பதில் உலகம் இத்தனை அலட்சியமாக இருக்கிறதே என்பது அவர் துக்கம். கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்தால் யாருக்குக் கல்யாணம் என்று பார்ப்பதற்கு முன்னால் ஒற்று விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பார். துக்கச் செய்திக்கும் அதே மரியாதைதான். கடைசியில் சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்க, ஊருக்கு அவர் ஒற்று சார் ஆகிவிட்டார்.

பக்திமான். ஒரு பிரார்த்தனை மாத இதழுக்குப் பதினெட்டு வருடமாகப் பிழை திருத்துகிறார். பேனாவை எடுக்கும் முன் தினமும் ஒரு வேண்டுதல்: ஆண்டவா, என் கண்ணுக்குத் தப்பி எதுவும் போகவேண்டாம், அப்படிப் போனாலும் அது யாரையும் கெடுக்காமல் இருக்கட்டும்.

இப்படிப்பட்டவர் எதற்குப் பேயோடு உட்கார்ந்திருக்கிறார் என்றால், அதுவும் தொழில்தான். வெளிநாட்டில் எடுத்த பழைய படம், ஆறு பாகம். தமிழில் ‘நனைந்தவள்’ என்று பெயர் வைத்துச் சப்டைட்டில் போட்டு இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் வெளியிட்டார்கள். இப்போது ஒரு கம்பெனி அதைத் துடைத்துப் பளபளப்பாக்கி மறுபடி வெளியிடப் போகிறது. சப்டைட்டிலையும் ஒருமுறை பார்த்துக் கொடுங்கள் என்று கேட்டு எழுதியிருந்தார்கள். ஏனென்றால் முதல் தடவை அதற்குப் பிழை திருத்தியவரும் ஒற்றுதான்.

அப்போது அவர் படத்தைப் பார்த்தார் என்று சொல்ல முடியாது. சத்தத்தை அணைத்துவிட்டு, திரையின் கீழ்ப்பகுதியில் ஓடிய எழுத்தை மட்டும் பார்த்தார். மேலே யார் யாரைத் துரத்தினார்கள் என்பது அவருக்குத் தெரியாது. ஆகவே இதை இரண்டாம் முறை பார்க்கிறார் என்றும் சொல்லலாம், முதல் முறை பார்க்கிறார் என்றும் சொல்லலாம்.

கதை பெரிய கதை இல்லை. ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் ஒருத்தி விழுந்து செத்துப்போகிறாள். கத்தியும் ஒருவரும் கதவைத் திறந்து வந்து பார்க்கவில்லை. அதற்கப்புறம் குழாய் வழியாக ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வருகிறாள். 

மனைவி பின்னால் நின்று துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். முதல் அரைமணி நேரம் முகத்தைச் சுளித்தாள். அடுத்த அரைமணி நேரம் ஒரே சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"ஏங்க, இவ குழாய் வழியா வர்றா, சரி. வீட்டுக்குள்ள வந்தப்புறமும் ரூம் கதவைத் தட்டிட்டு நிக்கிறாளே, ஏன்?"

"கதை அப்படி."

"இல்லங்க. மரியாதை தெரிஞ்ச பேய்."

திரையில் ஒரு தாய் மகளைப் பார்த்துப் பதறிக்கொண்டிருந்தாள். கீழே எழுத்து ஓடியது: ‘கொள்ளைப்புறக் கதவைச் சாத்து!’

ஒற்று பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். கொள்ளைப்புறமா? வீட்டின் பின்பக்கம் கொல்லைப்புறம். கொள்ளைக்காரன் வருகிற பக்கம் என்று வேண்டுமானால் நகைச்சுவைக்குச் சொல்லிக்கொள்ளலாம். அவர் கட்டம் போட்டுக் குறித்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. நனைந்தவள் நின்றாள். கையை நீட்டினாள். வாயைத் திறந்தாள். கீழே எழுத்து வந்தது.

‘உன்னைக் கொள்வேன்.’

பென்சில் கீழே விழுந்து இஸ்திரி மேஜைக்கு அடியில் உருண்டது. மனைவி குனிந்து எடுத்து நீட்டினாள்; அவர் வாங்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேய்க்குத்தான் பயந்துவிட்டார் என்று நினைத்துச் சிரித்தாள்.

அவர் பயந்தது பேய்க்கு அல்ல. அந்தப் பிழை யார் போட்டது என்று அவருக்குத் தெரியும்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் அவருக்குக் கல்யாணம்; அன்றைக்கே ஊருக்குப் போக வேண்டும், ஐந்து மணிக்குப் பஸ். ஆறாம் பாகத்தில் கடைசியாக ஒரு வரி கண்ணில் பட்டது. விடுதிக்காரர் ஒருவர் விருந்தாளியிடம் மிகப் பணிவாகச் சொல்கிறார்: ‘அறையைக் காலி செய்யுமாறு கேட்டுக்கொல்கிறேன்.’ கேட்டுக்கொள்கிறேன் என்று இருக்க வேண்டியது, கேட்டுவிட்டுக் கொல்வதாக ஆகியிருந்தது. ஒற்றுக்குச் சிரிப்பு வந்தது; அடுத்தபடி கவலை வந்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். இன்னும் எத்தனை இடத்தில் இப்படியோ? உட்கார்ந்து தேட நேரமில்லை. கணினியில் ‘எல்லாவற்றையும் மாற்று’ என்று ஒரு பொத்தான் இருந்தது. ‘கொல்ல’ வருமிடமெல்லாம் ‘கொள்ள’, ‘கொல்’ வருமிடமெல்லாம் ‘கொள்’. ஆறு பாகத்துக்கும் சேர்த்து இரண்டு தட்டு. பிரார்த்தனையை முடித்துவிட்டுப் பஸ்ஸைப் பிடித்தார்.

பேய்ப்படத்தில் எத்தனை கொல் இருக்கும் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை. கல்யாண ஞாபகம்.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தபோது படம் வெளியாகியிருந்தது. ஒரு தலைமையாசிரியர், சப்டைட்டில் வேலையை எடுத்திருந்த அச்சக முதலாளிக்குக் கடிதம் போட்டிருந்தார். ‘தமிழைக் கொல்லாதீர்கள்’ என்பது அதன் முதல் வரி. அதில் லகரம் சரியாக இருந்தது. முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார். தட்டச்சு செய்தது ஒரு பெண். வேகத்தைப் பார்த்து அவளுக்கு விரல் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் நாக்குக்கு ளகரம் வராது. பள்ளிக்கூடம் என்பாள், கேட்பவர் காதில் பல்லிக்கூடம் என்று விழும். அலுவலகத்தில் அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரிப்பது தேநீர் நேரத்துப் பொழுதுபோக்கு.

"நான் சரியாத்தான் அடிச்சேன் சார்" என்றாள் விரல்.

"உனக்குச் சொல்லவே வரல, அடிக்க எங்கேம்மா வரும்?" என்றார் முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள். ஒற்று சிரிக்கவில்லை. தலைக்குமேல் சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். புதுக் கல்யாணம், புது வீடு, வாயைத் திறந்தால் வேலை போகும். அவர் மனம் அன்றைக்கே ஒரு சமாதானத்தையும் கண்டுபிடித்து வைத்தது: ஒரு பிழை அவளும் போட்டவள்தானே? அன்று சாயங்காலத்தோடு விரலின் வேலை போயிற்று. 

இதையெல்லாம் அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆண்டவனிடம் சொன்னார் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஆண்டவன் திருப்பி எதுவும் கேட்கிற வழக்கம் இல்லை என்பது அவருக்கு வசதியாக இருந்தது.

இப்போது தினம் ஒரு பாகமாகப் படம் ஓடியது. பிழைகளைக் குறிக்கக் குறிக்க அவருக்கு ஒரு விநோதம் புரிந்தது. பேய் இனிமேல் செய்யப்போவதைச் சொல்லும் இடத்திலெல்லாம் கொள்வேன், கொள்ளாமல் போகமாட்டேன், எல்லோரையும் கொள்வேன். செய்து முடித்ததைச் சொல்லும் இடத்தில் மட்டும் கொன்றேன், கொன்றாள். கொன்றதில் லகரம் இல்லையாதலால் பொத்தான் அதைத் தொடவில்லை. ஆகவே அந்தப் பேய் எதிர்காலத்தில் அணைத்துக்கொள்பவளாகவும் இறந்தகாலத்தில் மட்டும் கொலைகாரியாகவும் இருந்தாள். இலக்கணம் படித்தவன் எவனாவது யோசித்து எழுதினால்கூட இப்படி அமையாது.

மேல்பாதியையும் இப்போதுதான் பார்த்தார். எடுத்தவர்களிடம் ஒரே ஒரு லிஃப்ட்தான் இருந்திருக்க வேண்டும். மூன்றாம் பாகம் கப்பலில் நடக்கிறது, அங்கேயும் அதே லிஃப்ட், அதே உடைந்த பொத்தான். உருண்டையாக ஒரு நடிகர் ஆறு பாகத்திலும் வந்து ஆறு பாகத்திலும் சாகிறார்; மீசை மட்டும் வேறு. முதலில் ஒற்றுக்கு எரிச்சலாக இருந்தது. நான்காம் பாகத்தில் அந்த மனிதர் கறுப்பு மீசையோடு கதவைத் திறந்து உள்ளே வந்ததும், "வந்துட்டார்யா" என்று தன்னையறியாமல் சொன்னார். மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போவது போலத்தான் இருந்தது அது. யார் எங்கே நிற்பார், யார் என்ன சொல்வார், யார் அழுதுகொண்டே போவார் என்று எல்லாம் தெரியும். தெரிந்துதான் போகிறோம்.

விக் ஒருமுறை நழுவியது. பேய் அதைச் சரிசெய்துகொண்டு மேலே நடந்தது. மனைவி, "பாவம், ஈரத்துல நிக்காது" என்றாள்.

ஐந்தாம் பாகம்தான் விஷயம். ஒரு சலவைக்கடை. வயதான சலவைக்காரர் தனியாகத் துணி மடித்துக்கொண்டிருக்கிறார். கதவு தட்டப்படுகிறது. திறக்கிறார். நனைந்தவள், தரையெல்லாம் தண்ணீர். ‘உன்னைக் கொள்வேன்’ என்கிறாள். மனிதர் அவளை ஏற இறங்கப் பார்க்கிறார். மடித்த துணிகளில் மேலாக இருந்த ஒரு துண்டை எடுத்து நீட்டுகிறார். கீழே எழுத்து: ‘முதலில் தலையைத் துவட்டிக்கொள்.’

நனைந்தவள் துண்டை வாங்குகிறாள். தலையைத் துவட்டுகிறாள். துண்டை நான்காக மடித்து மேஜையில் வைக்கிறாள். போய்விடுகிறாள். அவ்வளவுதான். ஆறு பாகத்தில் அவளைப் பார்த்தும் சாகாத ஒரே ஆள் அந்தச் சலவைக்காரர். ஐந்து பாகமாக அத்தனை பேர் ஓடினார்கள், கத்தினார்கள், ஜபம் செய்தார்கள். அவள் நனைந்திருக்கிறாள் என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒற்றும் பென்சிலால் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் இந்த இடத்தில் அவர் பார்த்தது ‘தலையைத்’ என்பதில் த் இருக்கிறதா என்பதை மட்டும்தான்.

பட்டியலை முடித்தார். நூற்று நாற்பத்து மூன்று இடங்களில் ளகரத்தை லகரமாக்க வேண்டும். எப்படியோ இந்த வழியிலாவது பாவம் கழியட்டும் என்று கம்பெனிக்கு அனுப்பினார். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. ‘ஐயா, ஒற்று எத்தனை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். கொள்வேனைத் தொடாதீர்கள். தொட்டால் ரசிகர்கள் எங்களைக் கொன்றுவிடுவார்கள்.’

அப்போதுதான் அவருக்கு விவரம் தெரிந்தது. படத்துக்கு ஒரு ரசிகர் மன்றமே இருந்தது. அந்த ஒரு வரிக்காகவே இருந்தது. சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறார்கள். காதலைச் சொல்ல அதைத்தான் எழுதுகிறார்கள். ஒரு கல்யாணப் பத்திரிகையில்கூட வந்திருக்கிறதாம்.

மறுநாள் மன்றச் செயலாளர் தொலைபேசியில் வந்தார். தொழில் மருந்துக்கடை. பேச்சும் மருந்துச் சீட்டுப் போலச் சுருக்கம். ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு ஐந்தாம் பாகம் போடுகிறார்கள். அந்த வரியைப் படைத்தவரை மேடையில் கௌரவிக்கப் போகிறார்கள். பழைய பதிவைத் தேடி, அந்தப் பிழைக்காக வேலை இழந்த தட்டச்சுப் பெண்ணைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் துணியில் பெயர் தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார்.

"அவங்க வர்றேன்னும் சொல்லல, வரலைன்னும் சொல்லல" என்றார் மருந்துக்கடைக்காரர். "நீங்கதான் சார் சாட்சி. மேடையில ஏறி, ஆமா, இது இவங்க போட்ட பிழைதான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

ஒற்று தொலைபேசியை வைத்தார். அன்றைக்கு வாயை மூடியதால் அவள் வேலையைப் பறித்தார். இன்றைக்கு வாயைத் திறந்தால் அவளுக்கு வரும் மரியாதையைப் பறிப்பார். திறக்காமல் இருக்கவும் முடியாது. ஆமாம் இவள்தான் என்று நூறு பேர் முன்னால் அதே பொய்யை ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். கொள்ளவும் முடியவில்லை, கொல்லவும் முடியவில்லை.

மனைவியிடம் சொன்னார். வெள்ளிக்கிழமை, பஸ், பொத்தான், மின்விசிறி, எல்லாவற்றையும். அவள் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள்.

"அப்ப ஒரு பொண்ணு வேலையைப் பறிச்சுட்டுத்தான் நம்ம குடித்தனமே ஆரம்பிச்சிருக்கு" என்றாள்.

"இப்ப உண்மையைச் சொன்னா அவங்களுக்குக் கிடைக்கிற நல்ல பேரும் போயிடுமே. சொல்லாம விடறதுதான் தர்மமோன்னு தோணுது."

"நல்லா இருக்குங்க உங்க தர்மம். அன்னிக்குப் பொய் வசதியா இருந்துது, இன்னிக்குக் கருணையா ஆயிடுச்சு." அவள் குரலை உயர்த்தவில்லை. "அவங்க பொருளை அவங்களைக் கேக்காம எத்தனை தடவை நீங்களே பங்கு போடுவீங்க? போய்க் கேட்டுட்டு வாங்க."

கடை சின்னது. வெளியே பலகையில் ‘பெயர் தைத்துத் தரப்படும்’ என்றிருந்தது. ஒற்று தன்னையறியாமல் அந்தத் த்-ஐப் பார்த்தார், இருந்தது. உள்ளே ஒரு தையல் இயந்திரம், சுவரெங்கும் நூல்கண்டு, பள்ளிச் சீருடைகள், மருத்துவமனைப் போர்வைகள். மேஜைமேல் வெள்ளைத் துண்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் நீல நூலில் ‘உன்னைக் கொள்வேன்’. மன்றத்தார் கொடுத்திருந்த வேலை. ஐந்தாம் பாகம் பார்க்க ஆளுக்கொரு துண்டோடு வருவது அவர்கள் வழக்கமாம்.

விரலுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. நாக்கு மாறவில்லை. ஆனால் அவள் பேச்சை இந்தக் கதை சரியான எழுத்திலேயே எழுதும். சிரித்தவர்கள் சிரித்தது போதும்.

"வாங்க ஒற்று சார்" என்றாள், இயந்திரத்தை நிறுத்தாமல். "உக்காருங்க. அந்த ஸ்டூல்ல ஊசி இருக்கும், பாத்து."

ஊசி இருந்தது. எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்து, நின்றுகொண்டே சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னார். மன்னிச்சுக்குங்க என்றும் சொன்னார். அவள் தைத்துக்கொண்டிருந்த வரி முடியும்வரை தைத்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"கொல்லைப்புறம்" என்றாள்.

"என்னம்மா?"

"முதல் பாகம். கொல்லைப்புறக் கதவைச் சாத்துன்னு அடிச்சேன். வெளியே வந்தப்ப கொள்ளைப்புறம்னு இருந்துது. எந்த மடச்சியும் கையால அப்படி அடிக்கமாட்டா சார். மிஷின் மாத்தினதுன்னு அன்னிக்கே தெரியும். நான் அடிச்சது கடைசியா போன மிஷின் உங்க மேஜையிலதான் இருந்துது."

பிறகு ஏன் சொல்லவில்லை என்று ஒற்று கேட்டார்.

"சொன்னேனே. சிரிச்சாங்க. நீங்க மட்டும் சிரிக்கல. அதனால நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சு, சாயங்காலம் வரைக்கும் கீழ படிக்கட்டுல நின்னேன்."

இயந்திரத்தின் சக்கரம் தானாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அவள் மற்றொரு துண்டை எடுத்து மடித்தாள். அதற்கப்புறம் தானாக ஒரு வரிகூட எழுதியதில்லை என்றாள். பெயர் தைக்க வருகிறவர்கள் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும், அதைப் பார்த்துத் தைப்பாள். பால்காரருக்கு எழுதும் குறிப்பைக்கூட வீட்டுக்காரரிடம் காட்டிவிட்டுத்தான் வெளியே வைப்பாள். தப்பில்லை என்று தெரியும். தெரிந்தாலும் கை நம்பாது.

"ஒண்ணு மட்டும் என்னோடது. கேட்டுக்கொல்கிறேன். அது எனக்கே ஞாபகம் இருக்கு" என்று லேசாகச் சிரித்தாள். "விடுதிக்காரன் பாவம், எவ்வளவு பணிவா கேக்கறான்."

ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யலாம் என்று ஒற்று கேட்டார். அவள் எப்படிச் சொன்னாலும் அப்படியே செய்கிறேன் என்றார்.

"நான் வருவேன். நீங்களும் வாங்க. என்ன பேசுவேன்னு இப்ப சொல்லமாட்டேன்." சற்று யோசித்தாள். "நீங்க என்னை இத்தனை வருஷம் நிக்க வெச்சீங்க. நாலு நாள் நில்லுங்களேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை திரையரங்கு நிறைந்திருந்தது. ஒற்று தன் வாழ்நாளில் கண்ட சபைகளில் அதைவிடப் பக்தியான சபை இல்லை. தாதி உடுப்போடு ஒருத்தி, பேருந்து ஓட்டுநர் ஒருவர், வங்கிக்காரர்கள், ஒரு முழுக் குடும்பம், எல்லோர் தோளிலும் வெள்ளைத் துண்டு. சலவைக்காரர் கதவைத் திறந்ததும் அத்தனை பேரும் ஒன்றாக எழுந்து நின்று துண்டை நீட்டினார்கள். நீட்டிய கையோடு அமைதியாக நின்றார்கள். அவருடைய பிரார்த்தனைக் கூடத்தில் இருபது வருடமாக எழுந்திருங்கள் என்று சொல்லித்தான் எழுந்திருக்கிறார்கள். அப்போதும் பாதிப்பேர் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டுதான். பக்கத்து நாற்காலியில் அவர் மனைவியும் எழுந்து நின்றாள். கைக்குட்டையை நீட்டினாள், துண்டு கொண்டுவராததால்.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். மருந்துக்கடைக்காரர் விரலை மேடைக்கு அழைத்தார். பக்கத்தில் தட்டில் கௌரவப் பொருள் இருந்தது: தண்ணீரில் ஊறவைத்த நீளக் கறுப்பு விக். கௌரவிக்கப்படுகிறவர் தலையில் அதை வைப்பார்களாம்.

விரல் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினாள்.

"உங்க அன்புக்கு நன்றி. ஆனா நான் கொல்வேன்னுதான் அடிச்சேன்" என்றாள். "சரியா அடிச்சேன். தப்புப் பண்ணாததுக்கு வேலை போச்சு. அதனால பண்ணாத தப்புக்கு மரியாதை வேணாம். நான் சரியா அடிச்சேன்னு யாராவது கேட்டாப் போதும். அதுக்குத்தான் வந்தேன்."

அவள் நாக்கில் கொல்வேனும் கொள்வேனும் ஒரே மாதிரிதான் விழுந்தன. சபைக்குப் புரியவில்லை. பின்வரிசையில் யாரோ சிரிக்கத் தொடங்கினார்.

ஒற்று எழுந்தார். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் கேட்ட அதே சிரிப்பு அது. இந்த முறை மேலே பார்த்தால் மின்விசிறி இல்லை. மேடைக்கு ஏறினார். ஒலிபெருக்கி இல்லாமலே பேசினார்.

"லகரம். அவங்க சொன்னது லகரம். கொலை செய்யற கொல். அவங்க அடிச்சதுல ஒரு பிழையும் இல்ல. மாத்தினது நான். ஆறு பாகத்துக்கும் ஒரே பொத்தான். அவங்களை வேலையை விட்டு அனுப்பினப்ப நான் பக்கத்துல நின்னு பேசாம இருந்தேன்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். இனி வரப்போகும் வசவுகளுக்குத் தயாராக நின்றார். நாலு நாளாக அவற்றை மனதுக்குள் எழுதி, ஒற்றுகூடப் போட்டுவைத்திருந்தார்.

வசவு வரவில்லை. முதலில் அந்தத் தாதி விரலைப் பார்த்துக் கைதட்டினாள். பிறகு எல்லோரும் தட்டினார்கள்; அது அவளுக்கு. சரியாக அடித்ததற்காக ஒரு தட்டச்சுப் பெண்ணுக்கு அரங்கமே எழுந்து கைதட்டியது உலகத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். விரல் கையைக் கட்டிக்கொண்டு நின்று முழுவதையும் கேட்டாள். 

அதோடு முடிந்திருக்கலாம். மருந்துக்கடைக்காரர் முறையானவர். படைத்தவருக்குக் கௌரவம் என்று அறிவித்தாயிற்று, படைத்தவரும் அகப்பட்டுவிட்டார். "நீங்க பண்ணது தப்பு சார். ரொம்பத் தப்பு" என்று ஒற்றின் காதில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் அந்த விக்கை எடுத்து அவர் தலையில் வைத்தார். சபை ‘கொள்வேன்’ என்று முழங்கியது. நெற்றியிலிருந்து, காதிலிருந்து, சட்டைப் பையிலிருந்த பேனா வழியாகத் தண்ணீர் சொட்டியது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். பாவத்துக்குக் கைதட்டல் வாங்கிக்கொண்டு மேடையில் நிற்பது எந்தப் பிரார்த்தனைப் புத்தகத்திலும் சொல்லாத தண்டனையாக இருந்தது.

விரல் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினாள்.

"முதல்ல தலையைத் துவட்டுங்க சார்."

ஒற்று துவட்டினார். முகத்தையும் துடைத்தார்; அதில் விக்கின் தண்ணீர் எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிறகு, செய்ய வேண்டியது தெரிந்தவராக, துண்டை நான்காக மடித்து அவளிடம் நீட்டினார்.

"வெச்சுக்குங்க. அது உங்களுக்குத் தெச்சது" என்றாள்.

வீட்டுக்கு வந்து மனைவி அந்தத் துண்டைத் தோய்த்துக் காயவைத்து, இஸ்திரி போட எடுத்தபோதுதான் ஓரத்தைக் கவனித்தாள். நீல நூலில் அதே எழுத்து. ஆனால் வரி வேறு. யாரும் சீட்டில் எழுதிக் கொடுக்காத வரி. ‘மன்னிப்பை ஏற்றுக்கொல்கிறேன்.’

"ஏங்க, பாவம், இதுல ஒரு எழுத்துத் தப்பா விழுந்திருக்கு."

ஒற்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கிப் பார்த்தார். பெருவிரலால் அந்த லகரத்தைத் தடவினார். ஒரு தையல்கூடப் பிசகாமல், அழுத்தமாக, இரட்டை நூலில் தைத்திருந்தது. அவர் சிரிக்க ஆரம்பித்தார். மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இல்லம்மா" என்றார். "சரியாத்தான் இருக்கு."